உங்களுக்குத் தெரியுமா? யின் – யாங்: சரிபாதி கணக்கு இல்லை!

● சீனத் தத்துவம் சொல்லும் எதிரெதிர் ஆற்றல்களான யின்னும் யாங்கும் சமநிலையில் இருக்க வேண்டும் என்றதும், தராசுத் தட்டுபோல ஆளுக்குப் பாதி என்றுதான் தோன்றும். சீனத் தற்காப்புக் கலையான தாய்ச்சியில் அது பிழை! தொடக்கத்திலும் முடிவிலும் நிற்கும் நிலையைத் தவிர, இரண்டு காலிலும் ஒரே அளவு எடை போட்டு நின்றால் ஆசிரியர் திருத்துவார். தாங்கும் கால் 'நிறைவு', மற்றது 'வெறுமை'. இடது கால் முழு எடையையும் வாங்கிய பிறகுதான் வலது குதிகால் மெல்லத் தரையைத் தொடும். அப்போதும் அதில் எடை கிடையாது. ஆபத்தென்றால் சட்டென்று பின்னால் இழுத்துக்கொள்ளலாம். பிறகு பாதம் படியும், எடை கொஞ்சம் கொஞ்சமாக இடம் மாறும், இடது கால் வெறுமையாகும். யின்னும் யாங்கும் ஓயாமல் கைமாறிக்கொண்டே இருப்பதுதான் இங்கே சமநிலை.

● இந்த நடைக்கு மருத்துவச் சான்றும் உண்டு. பார்க்கின்சன் நோயாளிகள் 195 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2012-இல் வெளியானது. வாரம் இருமுறை, 24 வாரங்கள் தாய்ச்சி செய்தவர்கள், தசைகளை நீட்டும் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிடக் குறைவாகவே கீழே விழுந்தார்கள். வீட்டில் முதியவர்கள் இருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

● தாய்ச்சியில் மணிக்கட்டோடு மணிக்கட்டு ஒட்டி இருவர் செய்யும் பயிற்சிக்கு 'துய்ஷோ' என்று பெயர். எதிராளி நெஞ்சை நோக்கித் தள்ளினால் பதிலுக்குத் தள்ளக் கூடாது. கையை எடுத்துக்கொண்டு விலகவும் கூடாது. தொடுகை விடாமல் இடுப்பைத் திருப்ப, அவர் வேகம் பக்கவாட்டில் கழிந்துவிடும். அவர் கால் தடுமாறும் அந்த நொடியில் லேசாகத் தள்ளினாலே போதும். பணிந்து போவதும் தாக்குவதும் இங்கே ஒரே அசைவு. எத்தனை அழகான ஏற்பாடு!

● ஹெனான் மாகாணத்தின் சென்ஜியாகோ கிராமத்தில், 17-ஆம் நூற்றாண்டில் சென் வாங்டிங் தாய்ச்சியை வகுத்தார் என்பது மரபு. 1956-இல் சீன அரசு அதை 24 அசைவுகளாகச் சுருக்கியது; ஐந்தாறு நிமிடங்களில் செய்து முடிக்கலாம். 2020-இல் யுனெஸ்கோ பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது.

● புரூஸ் லீ உருவாக்கிய தற்காப்புக் கலையான 'ஜீத் குன் டோ'வின் சின்னத்தில் யின்–யாங் வட்டத்தைச் சுற்றி இரண்டு அம்புகள் ஓடும்.

● அணு விஞ்ஞானி நீல்ஸ் போருக்கு 1947-இல் டென்மார்க்கின் உயரிய 'யானை விருது' கிடைத்தது. தம் குலச்சின்னத்தின் நடுவில் அவர் வைத்தது யின்–யாங் வட்டம்!

● மணிக்கட்டில் நாடியைப் பிடித்தபடி நிதானமாக மூச்சு விட்டுப் பாருங்கள். உள்ளே இழுக்கும்போது துடிப்பு சற்று விரைவுபடும். வெளியே விடும்போது தணியும். யின்–யாங் போலவே, முடுக்கவும் தணிக்கவும் நம் உடலில் தனித்தனி நரம்புத் தொகுதிகள் இருக்கின்றன. இரவு 11 மணிக்கும் அலுவலக வாட்ஸ்அப்பில் இருப்பவர் முடுக்கத்தை மட்டுமே நாள் முழுக்க வேலை வாங்குகிறார். படுக்குமுன் ஐந்து நிமிடம், இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கிப் பாருங்கள்.