சூடேறும் மினி: காரணமும் மாற்றமும்

1956ஆம் ஆண்டு எழுந்த சூயஸ் நெருக்கடியால் பிரிட்டனில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. குறைந்த எரிபொருளில் ஓடும் சிறிய மகிழுந்து தேவைப்பட்டது. அத்தேவையை நிறைவேற்றப் பொறியாளர் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த ‘மினி’, 1959ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்தது. ஏறத்தாழ 3 மீட்டர் நீளமே கொண்ட அதில் நால்வர் பயணம் செய்யலாம். 2000ஆம் ஆண்டு வரை 5 மில்லியனுக்கும் மேற்பட்ட மினிகள் தயாரிக்கப்பட்டன. இன்றும் பல நாடுகளில் அவற்றைப் பேணிக் காத்து ஓட்டுவோர் உள்ளனர். அவர்கள் சந்திக்கும் சிக்கல்களுள் ஒன்று, இயந்திரம் அளவுக்கு மீறிச் சூடாவது.

பெட்ரோல் எரியும்போது உண்டாகும் வெப்பத்தில் ஒரு பகுதியே சக்கரங்களைச் சுழற்றப் பயன்படுகிறது. எஞ்சிய வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். இயந்திரத்தின் உள்ளே ஓடும் நீர் வெப்பத்தை ஏற்றுக்கொண்டு ரேடியேட்டருக்குச் செல்கிறது. அங்குள்ள மெல்லிய குழாய்களின் மீது காற்றுப் பட, நீர் குளிர்ந்து மீண்டும் இயந்திரத்துக்குத் திரும்புகிறது. இச்சுழற்சி தடைப்பட்டால் இயந்திரத்தின் உலோகப் பாகங்கள் வளையலாம். அவற்றின் இடையே உள்ள கேஸ்கட் பழுதடையலாம். சிறிது நேரக் கவனக்குறைவு பெருஞ்செலவில் கொண்டுபோய் விடும்.

அக்காலத்துப் பெரும்பாலான மகிழுந்துகளில் இயந்திரம் நீளவாக்கில் இருந்தது. ரேடியேட்டர் முன்பக்கத்தில் இருந்தது. பயணிகளுக்கு அதிக இடம் கொடுப்பதற்காக இசிகோனிஸ் இயந்திரத்தைக் குறுக்காக வைத்தார். ரேடியேட்டரை இயந்திரத்தின் பக்கவாட்டில், சக்கரத்துக்கு அருகில் பொருத்தினார். இதனால் இடம் மிச்சமானது. ஆனால், இயந்திரத்தின் அருகே ஏற்கெனவே சூடான காற்றையே விசிறி ரேடியேட்டரின் வழியாக வெளியே தள்ளுகிறது. மேலும், அவ்விசிறி இயந்திரத்தின் வேகத்துக்கு ஏற்பவே சுழலும். போக்குவரத்து நெரிசலில் வாகனம் நிற்கும்போது விசிறியின் வேகமும் குறைந்துவிடும். வெப்பமான நாடுகளில் நீருக்கும் காற்றுக்கும் இடையிலான வெப்பநிலை வேறுபாடு குறைவு. எனவே, நீர் குளிர்வதும் தாமதமாகும்.

சூடு அதிகரித்தவுடன் புதிய பாகங்களை வாங்குவது சரியன்று. முதலில் காரணத்தைக் கண்டறிய வேண்டும். ரேடியேட்டரின் உள்ளே துரு அடைத்திருக்கலாம். வெளியே சக்கரம் வாரியிறைத்த சேறு படிந்திருக்கலாம். விசிறியின் பட்டை தளர்ந்திருக்கலாம். ரப்பர்க் குழாயில் கசிவு இருக்கலாம். இவற்றைச் சரிசெய்தாலே பல வேளைகளில் சிக்கல் தீர்ந்துவிடும். ஆனால், இயந்திரம் சூடாக இருக்கும்போது ரேடியேட்டரின் மூடியைத் திறக்கவே கூடாது. வளிமண்டல அழுத்தத்தில் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும் நீர், ஏறத்தாழ 1 பார் கூடுதல் அழுத்தத்தில் 120 பாகையில்தான் கொதிக்கும். மூடியைத் திறந்ததும் அழுத்தம் சட்டெனக் குறைந்து, கொதிநீரும் நீராவியும் பீறிட்டுக் கைகளையும் முகத்தையும் சுட்டுவிடும்.

சிலர் தெர்மோஸ்டாட்டை அகற்றிவிட்டால் சூடு குறையும் என்று எண்ணுகின்றனர். தெர்மோஸ்டாட் என்பது வெப்பநிலைக்கு ஏற்பத் திறந்து மூடும் ஒரு கதவு போன்றது. நீர் ஏறத்தாழ 82 பாகையை அடைந்த பிறகே அது திறந்து, நீரை ரேடியேட்டருக்கு அனுப்பும். அதை அகற்றினால் இயந்திரம் உரிய வெப்பநிலையை அடைய நெடுநேரம் பிடிக்கும். அதனால் எரிபொருள் வீணாகும். பாகங்கள் விரைவில் தேயும். இயந்திரத்துக்குச் சூடு மிகுந்தாலும் தீங்கு, குறைந்தாலும் தீங்கு.

பழுதுகளை நீக்கிய பிறகும் சூடு குறையாவிட்டால் மாற்றங்களைச் செய்யலாம். கூடுதல் குழாய் வரிசைகள் கொண்ட ரேடியேட்டரைப் பொருத்துவது எளிய வழி. மின்விசிறியைச் சேர்ப்பது மற்றொரு வழி. வாகனம் நின்றாலும் அது முழு வேகத்தில் சுழலும். எனினும், பழைய மினிகளின் டைனமோ குறைந்த மின்சாரத்தையே தரும் என்பதால் அதன் திறனையும் கருத்தில் கொள்ள வேண்டும். ரேடியேட்டரையே முன்பக்கத்துக்கு மாற்றுவது பெரிய மாற்றமாகும். வெளிக்காற்று அதன்மீது நேராகப் படும். ஆனால், இடம் மிகக் குறைவு. குழாய்களையும் மின்கம்பிகளையும் புதிதாக அமைக்க நேரிடும். மினியைத் தயாரித்த நிறுவனமே 1996ஆம் ஆண்டின் இறுதியில் ரேடியேட்டரை முன்பக்கத்துக்குக் கொண்டு வந்தது. வாகனத்தின் இரைச்சலைக் குறைப்பது அதன் முக்கிய நோக்கங்களுள் ஒன்று.

ஒரு பாகத்தை மாற்றினால் அதன் விளைவு வேறொரு பாகத்திலும் தெரியும். மருத்துவர் நோயின் காரணத்தை அறிந்த பின்னரே மருந்து கொடுப்பார். பழைய இயந்திரத்தைத் தொடுபவருக்கும் அந்த நிதானம் தேவை.