மகளுக்கு எந்தக் கம்ப்யூட்டர்?

கடலூர் திருப்பாதிரிப்புலியூர். லாரன்ஸ் ரோட்டில் ஜன நெரிசல். ஒரு கம்ப்யூட்டர் கடைக்குள் தகப்பனாரும் மகளும் நுழைகிறார்கள். கல்லூரி திறக்கும் மாதங்களில் எந்த ஊர்க் கடையிலும் காணக்கூடிய காட்சிதான்.

தகப்பனாருக்குப் பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு. 2011 டிசம்பர் 30-ந் தேதி விடியற்காலையில் தானே புயல் கரை கடந்தபோது தோப்பு மொத்தமும் சாய்ந்தது. மறுபடி கன்று நட்டு, இப்போதுதான் நாலு காசு பார்க்கிறார். மகள் சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகரில் சிவில் இன்ஜினீயரிங் படிக்கிறாள்.

"என்ன வேலைக்கு அண்ணே?" என்கிறார் கடைக்காரர்.

"எனக்கு என்ன தெரியும்? பாப்பாவைக் கேளுங்க" என்கிறார் தகப்பனார்.

"ஒர்க்ஸ்டேஷன் பிராசஸர் போட்ட மிஷின் வேணும். கூடப் படிக்கிறவங்க எல்லாம் அதுதான் நல்லதுன்னு சொல்றாங்க" என்கிறாள் மகள்.

கடைக்காரர் விலையைச் சொல்கிறார். தகப்பனாருக்கு வியர்க்கிறது. வீட்டிலே அம்மா கழற்றிக் கொடுத்த சங்கிலி அவர் சட்டைப் பையில் இருக்கிறது. அது அடகுக் கடைக்குப் போக வேண்டியதுதானா?

இந்தக் கேள்விக்கு விடை சொல்ல, முதலில் பிராசஸர் என்றால் என்ன என்று பார்க்க வேண்டும்.

கம்ப்யூட்டரின் மூளை

கம்ப்யூட்டருக்கு உள்ளே தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய தகடு ஒன்று இருக்கிறது. அதுதான் பிராசஸர். கணக்குப் போடுவது அதுதான். கணினியின் மூளை என்று அதைச் சொல்வார்கள்.

ஒரு மூளைக்குள் பல சிறு மூளைகள் உண்டு. அவற்றுக்குக் 'கோர்' என்று பெயர். ஒவ்வொரு கோரும் தனித்தனியே ஒரு கணக்கைப் பார்க்கும். பதினாறு கோர் இருந்தால் பதினாறு குமாஸ்தாக்கள் ஒரே மேஜையில் உட்கார்ந்திருப்பது போல.

சந்தையில் இரண்டு ஜாதிப் பிராசஸர்கள் உண்டு. ஒன்று, வீட்டுக்கும் ஆபீசுக்கும் ஆனது. இன்டெல் கம்பெனியின் 'கோர்', ஏ.எம்.டி. கம்பெனியின் 'ரைசன்' ஆகியவை இந்த வகை. மற்றொன்று, இரவு பகலாகப் பெரிய கணக்குப் போடுகிறவர்களுக்கு ஆனது. இன்டெல்லின் 'ஜியான்', ஏ.எம்.டி.யின் 'திரெட்ரிப்பர்' ஆகியவை அந்த வகை. அப்படிப்பட்ட பிராசஸர் போட்ட மிஷினுக்குத்தான் ஒர்க்ஸ்டேஷன் என்று பெயர்.

விலையைப் பாருங்கள். 2024-ல் வந்த ரைசன் 9 9950எக்ஸ், 16 கோர் உள்ளது. வெளிவந்தபோது 649 டாலர். நம் பணத்தில் சுமார் 54 ஆயிரம் ரூபாய். 2023-ல் வந்த திரெட்ரிப்பர் 7960எக்ஸ், 24 கோர் உள்ளது. 1,499 டாலர். சுமார் ஒன்றேகால் லட்சம். அதே ஆண்டில் வந்த அண்ணன் ஒருவர் இருக்கிறார். திரெட்ரிப்பர் புரோ 7995டபிள்யூஎக்ஸ். 96 கோர்! விலை 9,999 டாலர். எட்டு லட்சத்துக்கும் மேல்! வரி தனி. இதெல்லாம் மூளைக்கு மட்டும்தான். அதைப் பொருத்தும் மதர்போர்டு, நினைவகம், பெட்டி எல்லாம் வேறே. ஒர்க்ஸ்டேஷனுக்கு அவையும் விலை கூடியவை.

எட்டு லட்ச ரூபாய் மூளையில் தமிழ்த் தட்டச்சு அடித்தால் வேகமாக அடிக்குமா?

அடிக்காது! இது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். பதினாறு கோர் பிராசஸரின் ஒரு கோர் விநாடிக்கு 570 கோடித் துடிப்பு வரை போகும். தொண்ணூற்றாறு கோர் பிராசஸரின் ஒரு கோர் 510 கோடி வரைதான் போகும். ஒரே ஆள் செய்கிற வேலையில் விலை குறைந்ததுதான் முந்தும்.

வலை இழுப்பதும் வலை பின்னுவதும்

கடற்கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். இரண்டு பக்கமும் வரிசையாக நின்று ஆட்கள் கயிற்றை இழுக்கிறார்கள். ஆள் கூடக் கூட வலை சீக்கிரம் கரை ஏறும். ஆனால் கிழிந்த வலையில் ஒரு கண்ணைப் பின்ன வேண்டும் என்றால்? ஊசி ஒருவர் கையில்தான் இருக்கும். பக்கத்தில் இருபது பேர் உட்கார்ந்து வேடிக்கைதான் பார்க்கலாம்.

கம்ப்யூட்டர் வேலையும் இப்படித்தான். பங்கு போடக்கூடிய வேலை உண்டு. பங்கு போட முடியாத வேலை உண்டு. அமெரிக்க இன்ஜினீயர் ஜீன் அம்தால் 1967-ல் இதைக் கணக்காகவே எடுத்துக் காட்டினார்.

ஒரு வேலை 100 நிமிஷம் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதிலே 40 நிமிஷ வேலையைப் பங்கு போட முடியாது. மீதி 60 நிமிஷத்தைத்தான் பங்கு போடலாம். 16 கோர் இருந்தால் சுமார் 44 நிமிஷத்தில் முடியும். 24 கோர் இருந்தால் 42½ நிமிஷம். கொட்டிக் கொடுத்த பணத்துக்கு மிச்சம் ஒன்றேகால் நிமிஷம்!

அதே 100 நிமிஷத்தில் ஒரே ஒரு நிமிஷம்தான் பங்கு போட முடியாதது என்றால், கதை மாறுகிறது. 16 கோர் ஏழு நிமிஷத்தில் முடிக்கும். 24 கோர் ஐந்து நிமிஷம். 96 கோர் இரண்டே நிமிஷம். இப்படிப்பட்ட வேலை கையில் இருப்பவர்களுக்குத்தான் ஒர்க்ஸ்டேஷன்.

கடிதம் அடிப்பது, கடைக் கணக்கு எழுதுவது, ஆன்லைன் வகுப்பு, கல்லூரிப் பிள்ளைகள் எழுதும் புரோகிராம், இவற்றுக்கெல்லாம் பதினாறு கோர்கூட அதிகம்தான். ஆறோ எட்டோ போதும். சிதம்பரத்தில் கல்யாண வீடியோ எடுத்து வெட்டி ஒட்டும் ஸ்டூடியோக்காரர்களுக்கும் வீட்டு ஜாதிப் பிராசஸரே போதும். அந்த வேலையில் பாதிச் சுமையைக் கிராபிக்ஸ் கார்டு தூக்கிக்கொள்ளும். ஒர்க்ஸ்டேஷனுக்குக் கொடுக்கும் பணத்தை அவர்கள் அந்தக் கார்டில் போட்டால் கைமேல் பலன் கிடைக்கும்.

மகளின் கணக்கு

அந்தப் பெண் கேட்பது வீம்புக்கு அல்ல. அவள் எடுத்திருக்கும் விஷயம் வெள்ளம்.

கடலூர் மாவட்டம் வடிகால் ஜில்லா. தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், எல்லாம் இந்தக் கரையில்தான் கடலில் சேருகின்றன. 2015 நவம்பர் மழையில் ஊர் ஊராகத் தண்ணீரில் நின்றது. 2024-ல் பெஞ்சல் புயல் வந்து, டிசம்பர் 2-ந் தேதி திருவண்ணாமலை மாவட்டத்துச் சாத்தனூர் அணையிலிருந்து 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி தண்ணீர் திறந்தார்கள். அது தென்பெண்ணை வழியே கடலூர் வரை வந்து கரையை உடைத்து வீடுகளில் புகுந்தது. எந்தத் தெருவுக்குத் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று முன்கூட்டித் தெரிந்தால், கட்டிலையும் கன்றுக்குட்டியையும் மேட்டுக்குக் கொண்டுபோக நேரம் கிடைக்கும்.

அதைக் கணக்குப் போட்டுச் சொல்லலாம். நிலத்தைப் பத்து மீட்டர் சதுரம் சதுரமாகப் பிரிக்கிறார்கள். பக்கத்துச் சதுரத்திலிருந்து இந்தச் சதுரத்துக்கு எவ்வளவு தண்ணீர் வரும் என்று ஒவ்வொன்றுக்கும் போடுகிறார்கள். மாவட்டத்தின் பரப்பு 3,600 சதுர கிலோமீட்டருக்கு மேல். ஆக 3 கோடியே 60 லட்சம் சதுரங்கள்! விநாடிக்கு ஒரு தடவை போட்டால், ஒரு நாள் வெள்ளத்துக்கு மூன்று லட்சம் கோடிக் கணக்கு!

இது கரைவலை போன்ற வேலை. பங்கு போடலாம். ஆனால் இன்னொரு சங்கடம் உண்டு. எல்லாக் குமாஸ்தாக்களுக்கும் கணக்குத் தாள் நினைவகத்திலிருந்துதான் வர வேண்டும். அந்த வழி குறுகலாக இருந்தால் குமாஸ்தாக்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். சிதம்பரம் கோவிலுக்கு நாலு கோபுர வாசல் இருக்கிறது. ஆருத்ரா தரிசனத்தன்று இரண்டு வாசலை மூடிவிட்டால் என்ன கதி? வீட்டு ஜாதிப் பிராசஸருக்கு நினைவக வாசல் இரண்டுதான். 24 கோர் திரெட்ரிப்பருக்கு நாலு. 96 கோர் அண்ணனுக்கு எட்டு. வெள்ளக் கணக்கில் கோரைவிட இந்த வாசல்தான் பெரிய விஷயம். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கடல் உயிர்களின் மரபணுவைத் துண்டு துண்டாகப் படித்துக் கோர்ப்பது போன்ற வேலைக்கும் நினைவகம் தாராளமாக வேண்டும்.

4,096 கள்ள ஓட்டு!

ஒர்க்ஸ்டேஷனுக்கு இன்னொரு குணம் உண்டு. அது தப்பைப் பிடிக்கும்.

2003 மே 18-ந் தேதி பெல்ஜியம் நாட்டில் தேர்தல். பிரஸ்ஸல்ஸ் நகரை ஒட்டிய ஸ்கார்பேக் என்ற இடத்தில் மிஷின் மூலம் ஓட்டு. எண்ணிப் பார்த்தால் ஒரு வேட்பாளருக்கு, வாங்கவே முடியாத அளவுக்கு ஓட்டு விழுந்திருந்தது. மறுபடி எண்ணினார்கள். 4,096 ஓட்டு அதிகம்!

கள்ள ஓட்டுப் போட்டது யார்? ஆளே இல்லை. கம்ப்யூட்டர் எண்களை 0, 1 என்ற இரண்டே குறிகளால் எழுதி வைக்கிறது. வலமிருந்து பதின்மூன்றாவது இடத்தில் 0 இருந்து, அது தானாக 1 ஆகிவிட்டால் எண்ணிக்கையில் சரியாக 4,096 கூடும். புரோகிராமில் தப்பு எதுவும் அகப்படவில்லை. விண்வெளியிலிருந்து வந்த துகள் ஒன்று நினைவகத்தில் பட்டு அந்தக் குறியை மாற்றியிருக்கலாம் என்று நிபுணர்கள் கருதினார்கள்.

இதற்கு மருந்து, பிழை திருத்தும் நினைவகம். இ.சி.சி. என்பார்கள். 64 குறிகளை எழுதும்போது கூடவே 8 காவல் குறிகளையும் எழுதி வைக்கும். ஒரு குறி புரண்டால் தானே திருத்திவிடும். இரண்டு புரண்டால் 'தப்பு!' என்று கூவும். சினிமாப் பார்க்கிற கம்ப்யூட்டரில் ஒரு குறி புரண்டால் படத்தில் ஒரு புள்ளி நிறம் மாறும், அவ்வளவுதான். வெள்ளக் கணக்கில் புரண்டால்? தண்ணீர் வராத ஊரைக் காலி செய்யச் சொல்லி, வருகிற ஊரைத் தூங்க விடுவோம்.

திரெட்ரிப்பருக்கு இந்தக் காவல் நினைவகம் சகஜம். ஆனால் கடைக்காரர்கள் பலர் சொல்லாத சங்கதி ஒன்று உண்டு. வீட்டு ஜாதி ரைசன் 9950எக்ஸ்ஸும் இ.சி.சி.யை ஏற்கும். மதர்போர்டு மட்டும் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். இன்டெல்லின் கோர் வகையிலும் சில பிராசஸர்கள் தகுந்த மதர்போர்டில் ஏற்கும். ஒர்க்ஸ்டேஷன் விலை கொடுக்காமலே அதன் முக்கியமான குணத்தை வாங்கலாம்.

கரண்டுச் செலவு

விலை ஒரு நாள் கொடுப்பது. கரண்டு தினமும் கொடுப்பது. 24 கோர் திரெட்ரிப்பருக்கு 350 வாட். நாளைக்கு ஐந்து மணி நேரம் முழு மூச்சில் ஓடினால் இரண்டு மாதத்தில் 105 யூனிட் ஆகும். தமிழ்நாட்டில் 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று வந்ததே, அது முழுவதையும் இந்த ஒரு தகடே விழுங்கிவிடும்! 170 வாட் ரைசனுக்கு 51 யூனிட்.

கரண்டு போனால் அது வேறு கஷ்டம். தானேக்குப் பிறகு கடலூர் மாவட்டக் கிராமங்கள் பல வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. மூன்று நாள் ஓடிய கணக்கு கடைசி மணி நேரத்தில் கரண்டு போய் அழிந்தால், எத்தனை கோர் இருந்து என்ன? யு.பி.எஸ். இல்லாமல் பெரிய பிராசஸர் வாங்குவது கதவில்லாத வீட்டில் இரும்புப் பெட்டி வைப்பது போல.

சென்னை ஐ.ஐ.டி.யில் காமகோடி தலைமையில் 'சக்தி' என்ற பிராசஸரை நம்மவர்களே வகுத்தார்கள். 2018-ல் அது ஓடிக் காட்டியது. அவர்கள் ஒரே பிராசஸரை எல்லா வேலைக்கும் என்று வகுக்கவில்லை. சின்னக் கருவிகளுக்கு ஒரு வகுப்பு, ஒர்க்ஸ்டேஷனுக்கு ஒரு வகுப்பு, பெருங்கணக்குக்கு ஒரு வகுப்பு என்று வேலையைப் பார்த்தே பிரித்தார்கள்.

கடைசியில் வாங்கியது என்ன?

லாரன்ஸ் ரோட்டுக் கடையில் பேச்சு ஒரு மணி நேரம் நடக்கிறது.

"பாப்பா, மாவட்டம் பூராவுக்கும் கணக்குப் போடப் போறியா?" என்று கேட்கிறார் தகப்பனார்.

மகள் யோசிக்கிறாள். "இல்லப்பா. கெடிலக் கரையில ஆறு கிராமத்துக்கு மட்டும்தான்."

ஆறு கிராமம் என்றால் கணக்கு எத்தனையோ மடங்கு சுருங்கிவிடுகிறது. பதினாறு கோர் ராத்திரியில் ஓடினால் காலைக்குள் முடிக்கும். மாவட்டம் முழுவதும் போட வேண்டிய நாள் வந்தால் அதற்கு இடம் வேறே. திருச்சி என்.ஐ.டி.யில் 2022 மே மாதம் 'பரம் பொருள்' என்ற சூப்பர் கம்ப்யூட்டரைத் திறந்தார்கள். விநாடிக்கு 838 லட்சம் கோடிக் கணக்குப் போடக்கூடியது. கல்லூரி மூலம் இப்படிப்பட்ட இடங்களுக்கு விண்ணப்பிக்கலாம். மணிக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்து, எங்கோ இருக்கும் பெரிய மிஷினை வீட்டிலிருந்தே இன்டர்நெட் வழியாக ஓட்டவும் வசதி இருக்கிறது.

பதினாறு கோர் ரைசன், 64 ஜி.பி. இ.சி.சி. நினைவகம், நல்ல யு.பி.எஸ். என்று முடிவாகிறது. இ.சி.சி. ஏற்கும் மதர்போர்டு கடையில் இல்லை. சென்னையிலிருந்து வரவழைக்க நாலு நாள் ஆகுமாம். தகப்பனார் அட்வான்ஸ் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்கிறார்.

வாசலுக்கு வந்ததும் சட்டைப் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து மகள் கையில் கொடுக்கிறார்.

"பஸ்ல கூட்டமா இருக்கும். உன் பைக்குள்ள வச்சுக்க. வீட்டுக்குப் போனதும் அம்மாகிட்டக் கொடுத்திடு."