வாலிருந்த இடத்தில் கால்!

மாரி மழை பொழிந்து அனலைதீவின் குளங்களும் கேணிகளும் நிரம்பியதும், தவளைகள் இரவெல்லாம் கச்சேரி வைக்கத் தொடங்கிவிடும். சில நாட்களில் நீரெங்கும் கரிய வாற்பேத்தைகள் நெளியும். பின்னர் அவற்றுக்குக் கால் முளைக்கும், வால் மறையும். ஆண்டுதோறும் காண்பதனால் இதனை நாம் அதிசயமாகக் கருதுவதில்லை. ஆயினும், கால் ஏன் உரிய இடத்திலேயே முளைக்கின்றது? முதுகிலோ வாலிலோ முளைக்காதது ஏன்?

1992ஆம் ஆண்டில் ஒடிசாவின் உத்கல் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஒரு செய்தி, இவ்வினாவின்மீது எதிர்பாராத ஒளி பாய்ச்சியது. பிரியம்வதா மொகந்தி ஹெஜ்மாடி என்னும் அம்மையாரும் அவர்தம் உடனாய்வாளர்களும், இலங்கையிலும் வாழும் ஒரு தவளையினத்தின் வாற்பேத்தைகளை எடுத்து, வாலைத் துண்டித்து, விற்றமின் ஏ கலந்த நீரில் விட்டனர். வால் மீண்டும் வளரவேண்டிய இடத்தில் கால்கள் முளைத்தன!

காரணம் யாது? தாய் வயிற்றுச் சிசுவாயினும் முட்டைக்குள் குஞ்சாயினும், உடல் ஒரே கலத்திலிருந்தே உருவாகின்றது. அது பிரிந்து பெருகியபின்பும் எல்லாக் கலங்களும் ஒரே பரம்பரையலகுகளையே கொண்டிருக்கின்றன. 'நீ கண்ணாகு, நீ விரலாகு' என்று அவற்றுக்கு வழிகாட்டுபவை, அயற் கலங்கள் அனுப்பும் இரசாயனத் தூதுகளே. விற்றமின் ஏயிலிருந்து உண்டாகும் ரெற்றினோயிக் அமிலம் அத்தகைய தூதுகளுள் ஒன்று. சில கலங்கள் அதனை ஆக்கும். சில அதனை அழிக்கும். ஆகவே அது ஓரிடத்தில் மிகுந்தும் பிறிதோரிடத்தில் குறைந்தும் இருக்கும். தான் உடலின் எப்பகுதியில் நிற்கின்றது என்பதை அந்த அளவினாலேயே கலம் உணர்கின்றது. அளவு மாறினால் உருவமும் மாறும்.

இது தவளைக்கு மட்டும் உரிய நியதியன்று. 1930களில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், விற்றமின் ஏ இல்லாத உணவு கொடுக்கப்பட்ட பன்றி ஈன்ற குட்டிகள் கண்விழியின்றிப் பிறந்தன. குறைவின் தீங்கு அது. மிகையின் தீங்கோ மனிதரிடமே வெளிப்பட்டது. கடும் முகப்பருவுக்கென 1982இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஐசோரெற்றினோயின் என்னும் மாத்திரை, இதே அமிலத்தின் இனத்தைச் சேர்ந்தது. கர்ப்ப காலத்தில் அதனை உட்கொண்ட தாய்மார் சிலரின் குழந்தைகள் காது, இதயம், மூளை ஆகியவற்றில் குறைபாடுகளுடன் பிறந்தன.

மூன்றாம் வாரம் முதல் எட்டாம் வாரத்துக்குள்ளேயே கருவின் பிரதான உறுப்புகள் உருக்கொள்கின்றன. தாம் கருவுற்றிருப்பதைப் பெண்கள் பலர் அறியுமுன்னரே இவ்வேலை தொடங்கிவிடுகின்றது. எனவே, பிள்ளைப்பேற்றை எதிர்நோக்கும் சகோதரிகள், முகப்பரு மாத்திரையையோ விற்றமின் ஏ மாத்திரையையோ வைத்தியரைக் கேளாமல் உட்கொள்ளலாகாது. மீனெண்ணெயும் ஈரலும் இச்சத்து மிகுந்தவையாதலால், அவற்றிலும் அளவு வேண்டும்.

முருங்கையிலை, பூசணி, பனம்பழக்களி ஆகியவற்றைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அவற்றிலுள்ள கரோற்றினிலிருந்து, உடல் தனக்கு வேண்டிய அளவையே விற்றமினாக மாற்றிக்கொள்ளும். நம் தீவின் வளவுகளிலேயே கிடைக்கும் இவ்வுணவைக் கர்ப்பிணிகள் தாராளமாக உண்ணலாம்.