வேரின் துணைவன்

“பூசணம் பயிருக்கு நண்பனா, பகைவனா?” என்று நான் கேட்டால், மாணவர் அனைவரும் பகைவன் என்றே விடையிறுப்பர். ஊசிப்போன சோறு அவர்கள் நினைவுக்கு வந்துவிடுகிறது!

திருவள்ளூர்ச் செம்மண்ணில் வேர்க்கடலை விளைகிறது. செம்மண்ணில் மணிச்சத்து இல்லாமலில்லை. இரும்போடும் அலுமினியத்தோடும் பிணைந்து, நகராமல் கிடக்கிறது. வேர் தன்னையடுத்த சில மில்லிமீட்டர் மண்ணை உறிஞ்சித் தீர்த்தபின் பட்டினி கிடக்கிறது. அப்போது கைகொடுப்பது வேர்ப்பூசணம். அது வேரினுள் குடிபுகுந்து, வேர்த்தூவியினும் மெல்லிய இழைகளை வெளியே பல சென்டிமீட்டர் ஓட்டி, மணிச்சத்தைக் கொணர்கிறது. கூலியாகச் சர்க்கரையும் கொழுப்பும் பெறுகிறது. இத்தகைய கூட்டுறவுக்கு 1885-இல் பெயரிட்டவர் ஜெர்மானியரான பிராங்க். கடுகுக் குடும்பம் ஏனோ பெரும்பாலும் இதை ஏற்பதில்லை.

இத்துணைவன் வாழுமிடம் மேல்மண்; உயிருள்ள வேரின்றி அவன் வளரான். கும்மிடிப்பூண்டியைப் போன்ற தொழிற்பகுதிகளில் மனைக்காக மேல்மண்ணை வழித்தெடுத்தால், இழைகளும் வித்துகளும் உடன் போய்விடும். பின்னர் அங்கு நடும் கன்று தேறுவது அரிது. நாற்றங்காலில் ‘வேம்’ என்னும் பூசண உரத்தை விதைக்குக் கீழே இடுவது இக்குறையைப் போக்கவே. மேலே தூவிப் பயனில்லை. இறங்கும் வேர் அதைத் தொடவேண்டும்.

ஐயமிருப்பின், இரு தொட்டிகளில் அடிமண் நிரப்பி, ஒன்றில் மட்டும் கைப்பிடி வயல்மண் கலந்து, சோளம் விதைத்துப் பாருங்கள்.