ஆறாத காற்புண்

கரும்பலகையின்முன் நெடுநேரம் நிற்கும் ஆசிரியர்க்கும், கண்டியைச் சூழ்ந்த மலைகளிற் பகலெல்லாம் கொழுந்தெடுக்கும் பெண்களுக்கும் பொதுவாய் வருந்துன்பம் ஒன்றுண்டு. அது நாளப் புண்.

காலின் குருதியை மேலேற்றுவது கெண்டைக்கால் தசை. ஏறியது மீளாது தடுப்பன நாளங்களிலுள்ள வால்வுகள். அவை பழுதுறின் குருதி கீழே தேங்கி அழுத்தம் மிகும். உட்கணுவின் மேற்புறத் தோல் கறுத்துத் தடித்துச் சிறு கீறலிலும் புண்ணாகும். யாமும் ஈராண்டு களிம்புகளை மாற்றி மாற்றிப் பூசினோம். புண்ணைக் கண்டோமேயன்றி நாளத்தைக் கண்டோமில்லை. உண்மை மருந்து, பாதம் முதல் முழங்காலின் கீழ்வரை இறுக்கிச் சுற்றுங் கட்டே. எனினும் தாமே கட்டிக்கொள்ளல் ஆகாது. காலுக்குக் குருதி கொணரும் நாடி அடைபட்டிருப்பின் அவ்விறுக்கம் காலையே கெடுக்கும். மருத்துவர் அதனை முதலில் அளந்தறிதல் வேண்டும். கட்டுடன், பழுதுற்ற நாளத்தையும் காலந்தாழ்த்தாது அடைத்துவிடின் புண் விரைந்தாறும் என்பதை இங்கிலாந்தில் நிகழ்ந்து 2018இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று.

ஆறிய பின்னரும் இறுக்கக் காலுறையைக் கைவிடின் புண் மீளும். யாம் இன்றும் வேட்டியின்கீழ் அதனை அணிந்தே வகுப்பிற்குச் செல்கின்றோம்.