கார்பெட்டில் நிற்பது எந்தத் தண்ணீர்?

அமெரிக்காவில் 1965ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங்கை ஆசையாக வைத்திருப்பவர்கள் பலருக்கு இந்த அனுபவம் உண்டு. ஒரு நாள் கதவைத் திறந்தால், முன்சீட்டுப் பயணி கால் வைக்கும் இடத்தில் கார்பெட் சொதசொதவென்று கிடக்கும். “ஹீட்டர் கோர் போச்சு” என்று உடனே தீர்ப்பும் வந்துவிடும். அந்தத் தீர்ப்பைக் கொஞ்சம் ஒத்திவைப்போம். நம் ஊர் வெயிலில் கார் ஹீட்டரைத் தேடியவர்கள் குறைவு என்பதால், முதலில் அது என்னவென்று பார்த்துவிடலாம்.

ஹீட்டர் என்றதும் நமக்கு மின்சாரக் கம்பிச்சுருள்தான் ஞாபகம் வரும். இந்தக் காரில் அது கிடையாது. இஞ்சினைக் குளிர்விக்கச் சுற்றிவரும் கூலன்டில் ஒரு பகுதி, இரண்டு ரப்பர் ஹோஸ்கள் வழியாக, இஞ்சினுக்கும் நமக்கும் நடுவே நிற்கும் தகட்டுச் சுவரைத் தாண்டி டாஷ்போர்டுக்கு அடியில் வருகிறது. அங்கே ஒரு பெட்டிக்குள் இருக்கும் சின்ன ரேடியேட்டர்தான் ஹீட்டர் கோர். கையில் இருக்கும் டீ டம்ளரை ஊதிப் பாருங்கள். அந்தப் பக்கம் போகும் காற்று வெதுவெதுப்பாக இருக்கும். கோருக்குப் பக்கத்தில் உள்ள மின்விசிறியின் வேலையும் அவ்வளவுதான்.

கோரில் இருப்பவை செம்பு, பித்தளை, ஈயப்பற்று. குழாய்களோ மெல்லியவை. கூலன்டில் துருவைத் தடுக்கும் மருந்து கலந்திருக்கும். ஆண்டுக்கணக்கில் மாற்றாமல் விட்டால் அது வலுவிழந்து, காக்க வேண்டிய திரவமே உலோகத்தை அரிக்கத் தொடங்கும். அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில் ஹீட்டரை அணைத்தாலும் கோருக்குள் வெந்நீர் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஆகவே கோடையிலும் ஒழுகலாம்.

இப்போது அந்தத் தீர்ப்புக்கு வருவோம். மஸ்டாங்கின் முன்கண்ணாடிக்குக் கீழே வரிசையாகத் துவாரங்கள் உண்டு. காருக்குள் வெளிக்காற்று வரும் வழி அது. மழைநீரும் அதே வழியில்தான் இறங்கும். உள்ளே இரண்டு தகடுகளைப் பற்றவைத்த ஒரு குடைவு; அதன் தரையில் காற்று இறங்கும் ஓட்டைகளைச் சுற்றி உயரமான விளிம்பு. தண்ணீர் அந்த விளிம்பைச் சுற்றிக்கொண்டு ஓரங்களில் வெளியேற வேண்டும் என்பது கணக்கு. ஆனால் மரத்தடியில் நிற்கும் காரில் சருகு சேரும், ஈரம் காயாது, விளிம்பின் அடி துருப்பிடித்து ஓட்டையாகும். அப்புறம் பெய்யும் மழையெல்லாம் நேராகப் பயணியின் காலடிக்குத்தான். பாவம், கோர்மேல் பழி விழுகிறது. புதுக் கோர் மாட்டியும் அடுத்த மழைக்கு கார்பெட் நனையும்.

பிரித்தறிவது சுலபம். ஒரு வெள்ளைத் துணியால் ஒற்றி எடுப்போம். மழைநீர் விரலில் ஒட்டாது. கூலன்ட் பிசுபிசுக்கும், பெரும்பாலும் பச்சை நிறம், தித்திப்பான வாடை. ஹீட்டரைப் போட்டதும் முன்கண்ணாடியின் உட்புறம் எண்ணெய் பூசினாற்போல் மங்கினால் சந்தேகமே வேண்டாம், கோர்தான். நாக்கில் வைத்து மட்டும் சோதிக்காதீர்கள். கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் விஷம். இன்னொரு வழி: இஞ்சின் ஆறியிருக்கும்போது கண்ணாடிக்குக் கீழே உள்ள துவாரங்களில் தோட்டத்துக் குழாயால் தண்ணீர் விட்டு, ஒருவரை டாஷ்போர்டுக்கு அடியில் டார்ச்சோடு பார்க்கச் சொல்வது. அங்கே சொட்டினால் வேலை பற்றவைப்பவருக்கு. அது கோர் மாற்றுவதைவிடப் பெரிய செலவு, என்ன செய்வது!

கோர்தான் என்று உறுதியானால், ஒழுக்கை அடைக்கும் பொடியைக் கூலன்டில் கொட்டும் ஆசை வரும். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. ஓட்டையை அடைக்கிற பொருளுக்கு மெல்லிய குழாயை அடைக்கவும் தெரியும். குளிர்காலம் தொலைவில் இருந்தால், இரண்டு ஹோஸ்களையும் கழற்றி, இஞ்சின் பக்கமே ஒரு வளையமாக இணைத்துவிடலாம். கூலன்ட் கோருக்குப் போகாமலே திரும்பிவிடும்.

கழற்றும்போது பொறுமை வேண்டும். இஞ்சின் நன்றாக ஆறட்டும். பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டுக் கூலன்டை வடிப்போம். இறுகிப்போன ஹோஸைத் திருகி இழுத்தால் கோரின் மூக்கு ஈயப்பற்றோடு பெயர்ந்து வரும்; எப்படியும் புது ஹோஸ்தான் போடப்போகிறோம், கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்துவிடுவதே மேல். ஒரு மூக்கில் காற்றை ஊதி, மறு மூக்கில் வருவதைப் பிடித்துக்கொண்டால் மிச்சமிருக்கும் கூலன்ட் மடியில் கொட்டாது. பெட்டியைப் பிடித்திருக்கும் நட்டுகள் இஞ்சின் பக்கம் இருக்கின்றன. அவற்றைக் கழற்றினால்தான் உள்ளிருந்து பெட்டி முழுவதும் இறங்கும்.

பழைய கோரை எறிந்துவிடாதீர்கள். ஓட்டை ஒன்றிரண்டு என்றால், ரேடியேட்டர் பட்டறையில் ஈயம் வைத்துச் சரிசெய்யலாம். குழாய்களே மெலிந்துபோயிருந்தால் புதியதுதான். புதியதையும் ஒரு மூக்கை அடைத்து, வாளித் தண்ணீரில் அமுக்கி, மறு மூக்கில் மெல்லக் காற்று விட்டு, குமிழி வருகிறதா என்று பார்த்துவிட்டே மாட்ட வேண்டும். பெட்டி வெளியே இருக்கும்போதே, பொடிந்துபோன நுரைப்பட்டைகளையும் சத்தம் போடும் விசிறி மோட்டாரையும் மாற்றிவிடுவது புத்திசாலித்தனம்.

கடைசியில் கூலன்ட் ஊற்றி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து இஞ்சினை ஓடவிட்டால் சிக்கிய காற்று வெளியேறும். ஆறியபின் மட்டம் பார்த்து நிரப்பலாம். கார்பெட்டையும் அதன் அடிமெத்தையையும் வெளியே எடுத்து அலசிக் காயவைக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த விஷத்தை நாயோ பூனையோ வந்து நக்கக்கூடும்.