பாலையில் மூளும் பெருந்தீ

பாலைநிலம் என்றதும் நம் மனக்கண் முன் எழுவது மணலும் கானலுமே. எரிவதற்கு அங்கே என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். தீக்கு இரை வேண்டும். இரையோ மரமும் செடியும் சருகும். அவை இல்லாத இடத்தில் காட்டுத்தீக்கு என்ன வேலை? ஆயினும் அமெரிக்காவின் மேற்கேயுள்ள பாலைநிலங்களில் அண்மைக் காலத்தில் மூண்ட தீயின் வரலாற்றை நோக்கினால், நாம் இவ்வெண்ணத்தை மாற்றிக்கொள்ளவே வேண்டியிருக்கும். அதைவிட வியப்புக்குரிய செய்தி ஒன்றுண்டு. அத்தீக்கு வித்திடுவது பெரும்பாலும் நல்ல மழையே.

கலிபோர்ணியா மாநிலத்தின் கிழக்கோரத்தில் இன்யோ என்றொரு மாவட்டம் உள்ளது. அதன் பரப்பு ஏறக்குறைய 10,200 சதுர மைல். எமது வடமாகாணத்தைப் போல் மூன்று மடங்கு. 2020ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அங்கு வாழ்வோர் தொகை 19,016 மட்டுமே. சதுர மைலொன்றுக்கு இருவர்கூட இல்லை. மேற்கெல்லையில் 14,505 அடி உயரமான விட்னி மலை பனிமுடியுடன் நிற்கிறது. கிழக்கே நூறு மைலுக்கும் குறைந்த தூரத்தில் மரணப் பள்ளத்தாக்கு கிடக்கிறது. அதன் அடித்தளம் கடல்மட்டத்திலிருந்து 282 அடி கீழே. 1913ஆம் ஆண்டு ஜூலை மாதம் 10ஆம் திகதி அங்கு 134 பாகை பரனைற் வெப்பம் பதிவாயிற்று. உலகில் இதற்கு மேற்பட்ட வெப்பம் முறையாகப் பதிவானதில்லை என்றே ஏடுகள் கூறுகின்றன. அதனை ஐயுறும் அறிஞரும் உளர்.

இவ்விரண்டு எல்லைகளுக்கும் இடையில் ஓவன்ஸ் என்னும் ஆற்றின் பள்ளத்தாக்கு வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கிறது. மாவட்டத்தின் ஊர்களுட் பெரும்பாலானவை அங்கேயே உள்ளன. பிஷப், பிக் பைன், இன்டிபென்டன்ஸ், லோன் பைன் ஆகிய நான்கும் ஒரே நெடுஞ்சாலையிற் கோத்த மணிகள் போன்றவை. ஒரு காலத்தில் இப்பள்ளத்தாக்கில் பழத்தோட்டங்களும் புல்வெளிகளும் இருந்தன. 1913இல் லொஸ் ஏஞ்சல்ஸ் மாநகரம் இருநூறு மைலுக்கு மேல் நீண்ட கால்வாயொன்றை வெட்டி இந்த ஆற்றுநீரைத் தன் குடிகளுக்குக் கொண்டு சென்றது. சில ஆண்டுகளில் ஓவன்ஸ் ஏரி வற்றி உப்புத்தூசி பறக்கும் வெளியாயிற்று. பாலை தனியொரு நிலமன்று, முல்லையும் குறிஞ்சியும் வெம்மையினால் திரிந்த நிலையே அது என்று நம் முன்னோர் கொண்டனர். இப்பள்ளத்தாக்கின் கதையைக் கேட்போருக்கு அக்கொள்கை நினைவுக்கு வராமற் போகாது.

இம்மாவட்டத்தார் இயற்கையின் சீற்றத்தை முதலில் அறிந்தது நெருப்பினாலன்று. 1872ஆம் ஆண்டு மார்ச் மாதம் 26ஆம் திகதி, விடியற்கு முன், ஊர் உறங்கிக் கொண்டிருந்த வேளையில் நிலம் நடுங்கியது. லோன் பைனில் இருந்த 59 வீடுகளில் 52 இடிந்தன. 27 பேர் மாண்டனர். ஊரின் மக்கள்தொகையே ஏறக்குறைய முந்நூறுதான் என்றால் இழப்பின் அளவை நாம் உணரலாம். கொன்றது நிலநடுக்கமா, வீட்டுச் சுவரா என்று கேட்டால், சுவரே என்று சொல்லவேண்டும். வெயிலில் உலர்த்திய மண்கல்லாற் கட்டிய சுவர்கள் உறங்கியோர் மீது சரிந்தன. மரச்சட்டத்தாலான வீடுகள் ஆடிக் குலுங்கினும் பெரும்பாலும் நிலைத்து நின்றன. மண்வீட்டை விட்டு மரவீட்டை நாடுக என்பதே அந்த அதிர்ச்சி கற்பித்த பாடம். அந்த மரவீட்டைத்தான் இன்று நெருப்பு தேடி வருகிறது.

இனி, பாலையில் நெருப்பு எவ்வாறு பரவுகிறது என்பதைப் பார்ப்போம். பழைய பாலையில் செடிகள் நெருங்கி வளர்வதில்லை. கிடைக்கும் சிறிது நீருக்காக ஒவ்வொரு புதரும் தன்னைச் சுற்றி ஓர் இடைவெளியை வைத்துக்கொள்ளும். இடி விழுந்து ஒரு புதர் பற்றினால் அது எரிந்து அடங்கும். அடுத்த புதருக்கும் அதற்கும் இடையே வெறுந்தரை. அவ்வெறுந்தரையே பாலையின் காவல். பத்தொன்பதாம் நூற்றாண்டில், மேற்கே குடியேறியோரின் தானிய விதைகளோடும் கால்நடைகளோடும் மத்தியதரைக்கடற் பக்கத்துப் புரோம் புல்லினங்கள் இந்நிலத்தில் வந்து புகுந்தன. மாரிமழையில் முளைத்து, இளவேனிலிற் பூத்து, கோடை பிறக்குமுன் காய்ந்து சருகாவது அவற்றின் இயல்பு. புதர்களுக்கிடையே இருந்த வெற்றிடம் முழுவதையும் அவை நிரப்பிவிட்டன. மழை நன்றாகப் பெய்த ஆண்டில் புல் மிகுதி. புல் மிகுந்தால் அடுத்த கோடையிற் சருகு மிகுதி. ஒரு மின்னல் போதும்.

தீ அணைந்த பின் முதலில் முளைப்பதும் அதே புல்தான். புதர்கள் மீண்டும் வளரப் பல பத்தாண்டுகள் செல்லும். சிலவற்றுக்கு ஒரு நூற்றாண்டும் போதாது. அதற்குள் மறுபடியும் தீ வந்துவிடுகிறது. இப்படியே புதர்க்காடு புல்வெளியாக மாறி வருகிறது.

இன்யோவுக்குத் தெற்கே அடுத்துள்ள சான் பெர்னார்டினோ மாவட்டத்தில் இதனைக் கண்கூடாகக் காணலாம். 2004-05 மாரியில் நல்ல மழை பெய்தது. இளவேனிலிற் பாலை எங்கும் மலர்ந்து மக்களைக் கவர்ந்தது. ஜூன் மாதத்தில் மொகாவிப் பாலையின் பாதுகாப்பு நிலத்தில் ஏறக்குறைய 70,000 ஏக்கர் எரிந்தது. 2020 ஓகஸ்டில் இடிமின்னலால் மூண்ட தீ அதே பாதுகாப்பு நிலத்தில் 43,000 ஏக்கருக்கு மேல் பரவி, யோசுவா மரங்கள் 13 இலட்சம் வரையில் அழித்தது என மதிப்பிட்டனர். 2022-23 மாரி மிக ஈரமானது. 2023 ஜூலை முடிவில் அப்பகுதியில் 93,000 ஏக்கர் எரிந்து, தீ நெவாடா மாநிலத்தினுள்ளும் புகுந்தது.

யோசுவா மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆண்டுக்கு ஓரிரு அங்குலமே வளரும் இம்மரம் நூறாண்டுக்கு மேல் வாழும். ஒருவகைச் சிறு விட்டிலே இதன் பூந்தாதைப் பூவுக்குப் பூ கொண்டு சேர்க்கிறது. அந்த விட்டிலின் குஞ்சுகளோ இதன் விதையையே தின்று வளர்கின்றன. ஒன்றில்லையேல் மற்றொன்றில்லை. 2020ஆம் ஆண்டுத் தீக்குப் பின் தொண்டர்கள் அங்கு நாற்று நடச் சென்றபோது, பாதையற்ற இடங்களுக்கு நாற்றையும் நீரையும் சுமந்து சென்றவை ஒட்டகங்கள்! நட்டவற்றுட் பல வறட்சியாற் பட்டுப்போயின.

மீண்டும் இன்யோவுக்கு வருவோம். 2007ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் திகதி இன்டிபென்டன்ஸ் ஊருக்கு மேலேயுள்ள மலைச்சரிவுகளில் மின்னல் விழுந்து தீ மூண்டது. ஏறக்குறைய 35,000 ஏக்கர் கருகியது. தீ அடங்கியதும் துன்பம் தொலைந்தது என்றே எவரும் நினைப்பர். ஆனால் எரிந்த மலையின் தன்மை மாறிவிட்டிருந்தது. செடிகளிலுள்ள மெழுகுப் பொருள் வெப்பத்தால் ஆவியாகி மண்ணினுள் இறங்கி, அங்கே குளிர்ந்து மண்துகள்களின் மீது படிந்துவிடும். பிறகு அம்மண் நீரை உறிஞ்சாது. சேம்பிலை மீது விழுந்த துளிபோல் நீர் உருண்டோடும். பிடித்து நிறுத்த வேரும் இல்லை.

ஓராண்டும் ஆறு நாட்களும் சென்றன. 2008 ஜூலை 12ஆம் திகதி அச்சரிவுகளின் மேல் இடிமழை கொட்டியது. ஓக் கிறீக் என்னும் சிற்றாற்றின் வழியே சாம்பலும் சேறும் பாறையும் வேரோடு பெயர்ந்த மரங்களும் ஒன்றாய்த் திரண்டு இறங்கின. கீழேயிருந்த வீடுகள் பல சிதைந்தன, நெடுஞ்சாலை மூடுண்டது. 1917 முதல் கருங்கற் கோட்டைபோல் நின்ற பழைய மீன்வளர்ப்பு நிலையமும் சேற்றில் அகப்பட்டுப் பெருஞ்சேதமடைந்தது. தீயணைப்போர் அரும்பாடுபட்டுத் தீயினின்று காத்த வீடுகளுக்கு மறுவருடம் வெள்ளம் வந்தது என்றால், இதனை விதி என்று சொல்லி விட்டுவிட மனம் ஒப்பவில்லை. மலையடிவாரத்தில் ஆறு கொண்டுவந்து விசிறிபோல் பரப்பிய வண்டல் மேடுகளின் மேலேயே இவ்வூர்கள் அமைந்துள்ளன. நீருக்குப் பக்கம், தரை சரிவு, காட்சி அழகு. குடியிருக்க இதைவிட நல்ல இடம் அங்கில்லை. அந்த மேட்டை ஆக்கியதே இத்தகைய வெள்ளந்தான்.

மரணப் பள்ளத்தாக்கிலோ வெள்ளம் வரத் தீயும் வேண்டியதில்லை. ஆண்டு முழுவதும் அங்கு பெய்யும் மழை சராசரி 2 அங்குலமளவே. 2023 ஓகஸ்ட் 20ஆம் திகதி, சூறாவளியொன்றின் எச்சமாய் ஒரே நாளில் 2.2 அங்குலம் கொட்டியது. சாலைகள் அறுந்து, அங்குள்ள தேசிய பூங்கா இரு மாதகாலம் மூடப்பட்டது.

கோடைக்கு மட்டுமே அஞ்சினாற் போதும் என்றும் சொல்வதற்கில்லை. 2015 பெப்ரவரியில், இன்யோவின் வடவெல்லைப் பக்கத்தில், மலைக்காற்று ஊதிவிட்ட தீ அயல் மாவட்டத்தில் 40 வீடுகளை ஒரே இரவில் தின்றது. 2022 பெப்ரவரியில் பிஷப் நகருக்கருகே மூண்ட தீ 4,100 ஏக்கருக்கு மேல் எரித்தது. பனிமலை கண்முன்னே வெண்மையாய் நிற்க, அதன் அடியில் ஆற்றோரப் புதர்கள் எரிந்தன.

இவ்வபாயங்களை அளக்க ஒரு கணக்கும் உண்டு. அமெரிக்க மத்திய அரசின் அவசரகால முகாமை நிறுவனம் 2021இல் தேசிய இடர்ச் சுட்டெண் ஒன்றை முழுமையாக வெளியிட்டது. பூமியதிர்ச்சி, வெள்ளம், காட்டுத்தீ முதலிய 18 வகை இடர்களைத் தனித்தனியே எடுத்து, ஒவ்வொன்றுக்கும் உட்படக்கூடிய கட்டிடங்கள், உயிர்கள், பயிர்கள் ஆகியவற்றின் பெறுமதியை டொலரில் மதித்து, இடர் நிகழும் தடவையாலும் அழிவின் வீதத்தாலும் பெருக்கி, ஆண்டொன்றுக்கு எதிர்பார்க்கும் இழப்பைக் கண்டனர். அதன்மேல் மக்களின் வறுமை, முதுமை, மீண்டெழும் வலிமை ஆகியவற்றையும் சேர்த்து எடைபோட்டனர். நாடெங்குமுள்ள மாவட்டங்களை ஒரே கோலால் அளக்க இது நல்ல முயற்சியே. நாம் குறைகூற முன்வரவில்லை.

ஆயினும் கோலின் இயல்பை அறிந்தே அளவை நம்பவேண்டும். வீடு குறைந்த இடத்தில் டொலர்க் கணக்கும் குறையும். இலட்சக்கணக்கான வீடுகள் நெருங்கிய கடற்கரை மாவட்டத்தின் முன் 19,000 பேரின் இழப்பு சிறு புள்ளியாகத் தோன்றும். யோசுவா மரத்துக்கு அவ்வேட்டிற் பத்தியே இல்லை. யாவற்றினும் முக்கியமாக, தீக்கு ஓர் எண், வெள்ளத்துக்கு ஓர் எண் என்று பிரித்தெழுதி இறுதியிற் கூட்டும் கணக்கிலே, தீயே வெள்ளத்தைப் பெற்றெடுத்த ஓக் கிறீக்கின் கதை அகப்படுவதில்லை. அங்கு வாழ்வோருக்கோ அவை இரண்டல்ல. ஒரே மலை, ஒரே நெடுஞ்சாலை, அச்சாலை அடைபட்டால் வைத்தியசாலைக்குப் போகும் வழியும் அடைபடும். தீயணைப்போருள்ளும் பெரும்பாலோர் சம்பளமில்லாத் தொண்டர்கள்: பகலிற் கடையிலோ பாடசாலையிலோ வேலை செய்து, மணி ஒலித்ததும் ஓடி வருபவர்கள்.

ஆகவேதான் அவ்வூர்களில் நல்ல மழை பெய்த ஆண்டின் இளவேனில் இருவகையாக வருகிறது. தொலைநகரங்களிலிருந்து மோட்டார் வண்டிகளிற் குடும்பம் குடும்பமாய் வந்து, பாலையிற் பூத்த மஞ்சட் பூக்களைப் படம் பிடித்துச் செல்வோர் ஒருபுறம். வீட்டைச் சுற்றி நூறடிக்குச் சருகும் புல்லும் நீக்கப்படவேண்டும் என்பது மாநிலத்தின் விதி. அதன்படி, இன்னும் பச்சை மாறாத புல்லை, அது காயுமுன்பே வெட்டிக் குவித்து அகற்றிக் கொண்டிருக்கும் ஊரவர் மறுபுறம்.